வியாழக்கிழமைக்கு முன்னால் ஒரு கையெழுத்து

பாதிரியார் அந்த அறிவிப்பை வாசித்து முடித்ததும் வெர்டெல் டாக்கின்ஸ் கையைத் தூக்கினாள். தூக்கின பிறகுதான் சுற்றுமுற்றும் பார்த்தாள். சர்ச்சில் வேறு ஒரு கைகூட மேலே இல்லை. அத்தனை பேரும் குனிந்து பைபிளில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

நியூவார்க் நகரத்து ஆஸ்பத்திரிகளில் பெற்றவர்கள் இல்லாத கைக்குழந்தைகள் தொட்டில் தொட்டிலாகக் கிடந்த காலம் அது. எண்பத்தொன்பதாம் வருஷம். தாய்க்கு எய்ட்ஸ். தாய் போய்ச் சேர்ந்துவிட்டாள், இல்லையென்றால் போகிற வழியில் இருந்தாள். குழந்தையின் ரத்தத்தைச் சோதித்தால் அதிலும் 'உண்டு' என்று வந்தது. அப்படி வந்த குழந்தையை எடுத்து வளர்க்க யாராவது முன்வருவீர்களா என்றுதான் பாதிரியார் கேட்டார். கேட்டவரும் பதில் வரும் என்று நம்பிக் கேட்கவில்லை. வெர்டெலின் கையைப் பார்த்ததும் அவருக்கு அடுத்த வரி மறந்துபோயிற்று.

வெர்டெலுக்கு ஐம்பது வயது. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். புருஷன் இறந்து வெகுகாலமாயிற்று. இரண்டு பையன்களில் ஒருத்தன் ராணுவத்தில் ஜெர்மனியில் இருந்தான், இன்னொருத்தன் அட்லாண்டாவில் கல்யாணம் செய்துகொண்டு, அம்மா பிறந்தநாளை மட்டும் மறக்காமல் இருந்தான். பஸ்ஸில் நாற்பது பிள்ளைகள் கூத்தடித்தாலும் அவள் வாயைத் திறக்கமாட்டாள். தலைக்கு மேலே இருக்கும் கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குப் பயந்தவர்களில் பள்ளிக்கூடத் தலைமையாசிரியரும் உண்டு என்று சொல்வார்கள்.

ஆதரவில்லாத பிள்ளைகளை வளர்ப்பு வீடுகளில் சேர்க்கும் நிறுவனத்திலிருந்து மிஸ் பெட்டிவே என்ற பெண் குழந்தையைக் கொண்டுவந்தாள். சின்ன வயசு, கண்ணுக்குக் கீழே கருவளையம், தோளில் செங்கல் வைத்ததுபோல ஒரு பை. குழந்தைக்கு இரண்டு மாதம். ஷமீக்கா என்று தாய் பேர் வைத்திருந்தாள். பேர் வைத்தது ஒன்றுதான் அவளால் முடிந்தது. ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து அவள் எழுந்திருக்கவே இல்லை.

"சொந்தக்காரங்க யாரும் இல்லியா?" என்று வெர்டெல் கேட்டாள்.

"அம்மாவோட அக்கா ஒருத்தங்க ஈஸ்ட் ஆரஞ்சுல இருக்காங்க, மிஸ் வெர்டெல். கேட்டுப் பாத்தோம். அவங்களுக்கு மூணு புள்ளைங்க. முடியாதுன்னுட்டாங்க."

"பத்து நிமிஷம் பஸ்ஸுல வர்ற தூரம்."

"பயம்தான், வேற என்ன?"

"பயம்தான்," என்றாள் வெர்டெல். அந்த அக்காள்காரியை அவள் அன்றைக்கே மனசுக்குள் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டாள்.

மீக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள். குழந்தை ராவெல்லாம் அழுதது, பகலெல்லாம் தூங்கியது, குடித்த பாலில் பாதியை வெர்டெலின் தோளில் கக்கியது. எல்லாக் குழந்தைகளும் செய்கிற வேலைதான். ஆனால் மீக்கா தும்மினால் அது வெறும் தும்மல் இல்லை. எடை கொஞ்சம் குறைந்தால், காதில் சீழ் வந்தால், வெர்டெல் பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிடுவாள். 'ஆரம்பிச்சிடுச்சோ?' என்ற கேள்வியோடுதான் ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரிக்கு ஓடுவாள்.

வெளியுலகம் செய்ததைச் சொல்லவே வேண்டாம். பிள்ளை காப்பகம் இடமில்லை என்றது. சர்ச் விருந்துக்கு அவள் கொண்டுபோன கேக்கை ஒருத்தரும் தொடவில்லை. மேஜையில் மற்றப் பாத்திரங்கள் காலியாகிக் கிடக்க, அது மட்டும் முழுசாக உட்கார்ந்திருந்தது. வெர்டெல் அதிலிருந்து பெரிய துண்டாக ஒன்றை வெட்டினாள். எல்லோரும் பார்க்க நின்றபடியே கடைசித் துணுக்குவரை தின்றாள். பிறகு இன்னொரு துண்டை வெட்டி நேரே பாதிரியாரின் தட்டில் வைத்தாள். பாவம், அந்த மனுஷன் சாப்பிட்டார். அவளுடைய சிநேகிதி யூலா மட்டும் தானாக வந்து தட்டை நீட்டினாள்.

"கொஞ்சம் காஞ்சு போயிருக்குடி," என்றாள் யூலா, வாய் நிறைய கேக்கோடு.

"காலையிலேர்ந்து காத்தாட உக்காந்திருந்தா எதுவும் காஞ்சுதான் போகும்," என்றாள் வெர்டெல்.

ஆஸ்பத்திரியில் சில மாதங்களுக்கு ஒருமுறை மீக்காவின் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். முதல் முறை 'உண்டு' என்று வந்தது. இரண்டாவது முறையும் 'உண்டு'.

"அப்ப புள்ளைக்கு நோய் இருக்கா?" என்று நர்ஸைக் கேட்டாள்.

"அது இப்பத் தெரியாதும்மா. ஒன்றரை வயசு ஆகணும்."

"தெரியாதுன்னா எதுக்குக் குத்துறீங்க? இருக்குன்னு எழுதியிருக்கீங்க, கேட்டா தெரியாதுங்கறீங்க."

நர்ஸ் டாக்டரைக் கேட்கச் சொன்னாள். டாக்டர் நல்லவர்தான். நடந்துகொண்டே பதில் சொல்கிறவர். அவர் பின்னாலேயே ஓடி வெர்டெல் பாதியைத்தான் பிடித்தாள். "அந்தச் சோதனை எங்க நடக்குது?" என்று கடைசியில் கேட்டாள். அடித்தளத்தில் என்றார். அங்கே வெளியாட்களை விடமாட்டார்கள் என்றும் சொன்னார். சொல்லியிருக்கக் கூடாது. அடுத்த மூன்று வாரமும் காலை பஸ் ஓட்டம் முடிந்ததும் வெர்டெல் மீக்காவை இடுப்பில் வைத்துக்கொண்டு அடித்தளத்து ஜன்னலுக்கு எதிரில் வந்து நின்றாள். யாரோடும் சண்டை போடவில்லை. கண்ணாடி வழியாக, பஸ்ஸில் பார்ப்பாளே, அந்தப் பார்வை மட்டும்.

சோதனைக்கூடத்து ஓசோரியோவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. போர்ட்டோ ரிக்கோக்காரர், நரைத்த மீசை, சட்டைப் பையில் நாலு பேனா. டாக்டரிடம் போய் அனுமதி வாங்கிக்கொண்டு வந்து கதவைத் திறந்தார்.

"அம்மா, நீங்க அங்க நின்னா எனக்குச் சொட்டு கணக்கு தப்புது. உள்ள வாங்க."

அவர் காட்டியது ஒரு மெல்லிய வெள்ளைப் பட்டை. விரல் நீளம்தான் இருக்கும். அதன் குறுக்கே கறுப்புக் கோடுகள், சில தடிமனாக, சில மெலிசாக.

"இதுல கிருமி எங்க இருக்கு?" என்றாள் வெர்டெல்.

"கிருமியே இதுல இல்ல. நாங்க கிருமியத் தேடறதில்ல. கிருமி உடம்புக்குள்ள வந்தா உடம்பு அதோட சண்டை போட ஒண்ணு செய்யும். ஆன்டிபாடின்னு பேரு. அது ரத்தத்துல இருந்தா இந்தக் கோடு விழும்."

"சரி. இருக்கு. கோடு விழுந்திருக்கே."

"விழுந்திருக்கு. ஆனா அந்தக் கோடு யாரோடதுங்கறதுதான் கேள்வி. வயித்துல இருக்கறப்ப அம்மா தன்கிட்ட இருக்கறதெல்லாம் புள்ளைக்குக் குடுத்து அனுப்புவா. அம்மை வந்து போனவளா இருந்தா அம்மைக்கு எதிரானது. இந்த நோய் இருந்தா இதுக்கு எதிரானது. புள்ளைக்குக் கிருமி போகாம ஆன்டிபாடி மட்டும் போயிருக்கலாம். ரெண்டும் போயிருக்கலாம். இந்தப் பட்டைக்கு அந்த வித்தியாசம் தெரியாது."

வெர்டெல் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நீங்க சோதிக்கறது புள்ளைய இல்ல. செத்துப் போன அந்தப் பொண்ண."

"இப்போதைக்கு அப்படித்தான்."

"எப்ப என் புள்ளையச் சோதிப்பீங்க?"

"அம்மா குடுத்தது கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு போகும். ஒன்றரை வயசுல எதுவும் மிச்சம் இருக்காது. அப்பவும் கோடு தடிமனா இருந்தா அது புள்ளையே செஞ்சது, நோய் இருக்குன்னு அர்த்தம். கோடு இல்லேன்னா, இல்ல."

பழைய ரத்தத்தில் கொஞ்சம் அவர் உறைபெட்டியில் வைத்திருந்தார். புதிய ரத்தம் வரும்போதெல்லாம் பழையதையும் எடுத்து ஒரே நாளில், ஒரே மருந்தில், பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிச் சோதிப்பார். இன்றைக்கு மருந்து வீரியமாக இருந்தது, அன்றைக்கு மட்டமாக இருந்தது என்ற பேச்சுக்கே இடமில்லை. அவரைப் பொறுத்தவரை அந்தக் குப்பிகளில் பேர் கிடையாது, எண் மட்டும்தான். மீக்காவின் எண் மட்டும் அதற்கப்புறம் அவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

வெர்டெல் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டு வந்தாள். யோலாண்டா. இருபத்திரண்டு வயசு. அவள்மேல் வெர்டெலுக்குக் கோபம் இருந்தது, மறைப்பானேன்? போதை ஊசி போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றியவள் என்றுதான் நினைத்திருந்தாள். சாகக் கிடந்தபோதும் அவள் உடம்பு சண்டை போட்டிருக்கிறது, அந்தச் சண்டையைப் பிள்ளைக்கும் கட்டிக்கொடுத்து அனுப்பியிருக்கிறது என்று தெரிந்தபோது, கோபம் போகவில்லை, ஆனால் அதை வைக்க இடம் தெரியாமல் போயிற்று.

மீக்கா தவழ்ந்தாள், எழுந்து நின்றாள், யூலாவின் கைப்பையைத் திறந்து உதட்டுச்சாயத்தைத் தின்றாள். ஒரு வயது தாண்டி எடுத்த ரத்தத்தில் கோடுகள் வெளுத்திருந்தன. ஓசோரியோ இரண்டு பட்டைகளையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பழையது மை மாதிரி. புதியது, பலமுறை துவைத்த சட்டையின் கோடுகள் மாதிரி. "இப்பவே சந்தோஷப்படாதீங்க," என்றார் அவர், சொல்லும்போதே அவர் மீசை சிரித்தது.

வெர்டெல் அன்றைக்கு பஸ்ஸில் பாடிக்கொண்டே ஓட்டினாள். பிள்ளைகள் பயந்துபோனார்கள்.

அந்தச் சந்தோஷத்துக்கு நடுவில்தான் மிஸ் பெட்டிவே வந்தாள். வந்ததும் உட்காரவில்லை.

"நல்ல செய்திதான், மிஸ் வெர்டெல். ஆனா ஒண்ணு இருக்கு."

"ஆனாவ முதல்ல சொல்லு."

"உங்க வீடு நோயுள்ள புள்ளைங்களுக்குன்னு எங்ககிட்ட பதிவான வீடு. நோய் இல்லேன்னு ஆயிட்டா மீக்கா சாதாரணப் பட்டியலுக்குப் போயிடுவா. நீங்க தத்தெடுக்க மனு போடலாம், தாராளமா. ஆனா ரத்த சொந்தம் கேட்டா அவங்களுக்குத்தான் முதல் உரிமை. அவ பெரியம்மா ரெனெட் கேட்டிருக்காங்க. சோதனை எப்படிப் போகுதுன்னு அவங்க காதுக்குப் போயிடுச்சு."

வெர்டெல் திரும்பிக் கரண்டியை எடுத்தாள். அடுப்பில் கீரை கொதித்துக்கொண்டிருந்தது.

"நோய் இருந்தா எனக்கு. இல்லேன்னா அவளுக்கு," என்றாள்.

"நான் அப்படிச் சொல்லல."

"நீ சொல்லலம்மா. உங்க சட்டம் சொல்லுது."

கடைசி ரத்தம் எடுக்கவேண்டிய நாள் வந்தது. வெர்டெல் போகவில்லை. பஸ் பழுதாகி நின்றுவிட்டது என்று ஆஸ்பத்திரிக்குப் போனில் சொன்னாள். சோதனை இல்லாதவரை பதில் இல்லை, பதில் இல்லாதவரை பிள்ளை இங்கேயேதான் இருக்கும் என்று அவள் மனம் ஒரு கணக்குப் போட்டது.

மறுநாள் யூலா வந்தாள்.

"பஸ்ஸுக்கு என்னடி ஆச்சு?"

"பழுது."

"பழுதான பஸ்ஸு நேத்து காலைல என் வீட்டு வாசல் வழியா போச்சே. புள்ளைங்க எனக்குக் கையக்கூட ஆட்டுச்சுங்க."

வெர்டெல் மேஜையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள்.

யூலா கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாள். "நான் கேக்கறேன்னு தப்பா நினைக்காத. அந்தக் கோடு அப்படியே இருக்கட்டும்னு நினைக்கறியா?"

"வாய மூடுடி."

"மூடிக்கறேன். நீ பதில் சொல்லு."

வெர்டெல் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். புருஷன் சாவுக்குக்கூட அவள் இப்படி அழுததை யூலா பார்த்ததில்லை. அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு போனை எடுத்தாள். வியாழக்கிழமை வருகிறேன் என்றாள். தன்மேலேயே வந்த கோபம் அவளுக்கு எப்போதும் நல்ல வேலை செய்யும். அடுத்து மிஸ் பெட்டிவேயைக் கூப்பிட்டாள். "அந்தப் பெரியம்மாவ என் வீட்டுக்குக் கூட்டிட்டு வா. வியாழக்கிழமைக்கு முன்னாடி," என்றாள்.

செவ்வாய்க்கிழமை ரெனெட் வந்தாள். வெர்டெல் ஒரு ராட்சசியை எதிர்பார்த்திருந்தாள். வந்தது ஒல்லியான, இஸ்திரி போட்ட கோட்டு போட்ட, பாங்கியில் வேலை பார்க்கிற பெண். சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். கைப்பையை மடியிலிருந்து இறக்கவில்லை. மீக்கா தரையில் ஒரு கரண்டியை வைத்துக்கொண்டு விளையாடுவதையே பார்த்தாள்.

"அப்படியே யோலாண்டா," என்றாள்.

"எனக்குத் தெரியாது. நான் அவளப் பாத்ததில்ல," என்றாள் வெர்டெல்.

ரெனெட்டின் முகம் சுருங்கியது. "நீங்க என்ன நினைக்கறீங்கன்னு எனக்குத் தெரியும். நான் வளக்கணும்னுதான் வந்திருக்கேன். என் தங்கச்சி புள்ள. இதுல என்ன தப்பு?"

"ஒரு தப்பும் இல்ல. பெட்டிவே, அந்தத் தத்து மனு ரெண்டு கொண்டு வந்தியா? மேஜைல வை." வெர்டெல் நாற்காலியை இழுத்து ரெனெட்டுக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டாள். "இதுல ஒரு வரி இருக்கு. பிள்ளையோட உடல்நிலை எதுவா இருந்தாலும் ஏத்துக்கறேன்னு. நாளன்னைக்கு ரத்தம் எடுக்கறாங்க. இன்னிக்கு நீ இதுல கையெழுத்துப் போடு. போட்டுட்டா நான் குறுக்க வரமாட்டேன். அவ துணிமணி, மருந்து, எல்லாத்தையும் நானே கட்டிக் குடுக்கறேன். ஒரு வார்த்த பேசமாட்டேன்."

மிஸ் பெட்டிவே இரண்டு மனுக்களையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள். கையெழுத்து இன்றைக்கே வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ரெனெட் எழுந்து போய்விட்டு அடுத்த வாரம் வந்து மனு போட்டால் பிள்ளை அவளுடையதுதான். வெர்டெலுக்கும் அது தெரியும். தெரிந்தேதான் இருப்பதையெல்லாம் மேஜைமேல் வைத்திருந்தாள்.

"ஒரு வாரம்தானே, ரிசல்ட் வரட்டுமே," என்றாள் ரெனெட்.

"அந்த ஒரு வாரம்தாம்மா விஷயமே."

ரெனெட் பேனாவை எடுத்தாள். நிஜமாகவே எடுத்தாள். பேனா தாளுக்கு மேலே நின்றது, நின்றுகொண்டே இருந்தது. பிறகு ரெனெட் அதைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"எனக்கு மூணு புள்ளைங்க," என்றாள். "அவ சாகக் கிடந்தப்ப ஆஸ்பத்திரிக்குப் போனேன். கதவு வரைக்கும் போனேன். உள்ள போகல. கண்ணாடி வழியா பாத்துட்டு வந்துட்டேன். அவ என்னப் பாத்தா. கைய ஆட்டினா." முகத்திலிருந்து கையை எடுத்தாள். "என்னால முடியலங்க. இப்பவும் முடியல. உங்க பேர்லயே போட்டுக்குங்க. நான் கேக்கமாட்டேன்."

ஜெயித்துவிட்டோம் என்று வெர்டெலுக்குத் தோன்றவில்லை. இத்தனை நாள் கூண்டில் ஏற்றி வைத்திருந்தவளை இறக்கிவிட்டதுபோல இருந்தது. பேனாவை எடுத்து, தன் மனுவில் அழுத்தி, பேர் முழுவதையும் எழுதினாள். வெர்டெல் மே டாக்கின்ஸ். மிஸ் பெட்டிவே அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு ரெனெட்டை வாசல்வரை தாங்கிப்பிடித்துக் கூட்டிப்போனாள்.

வியாழக்கிழமை ரத்தம் எடுத்தார்கள். மீக்கா நர்ஸைக் கடிக்கப் பார்த்தாள். அடுத்த வாரம் பதில் தருகிறேன் என்றார் ஓசோரியோ.

பதில் வரும் நாளில் வெர்டெல் மீக்காவோடு மாடியில் டாக்டரின் அறைக்குள் உட்கார்ந்திருந்தாள். யூலா கூட வருகிறேன் என்றதை வேண்டாம் என்றிருந்தாள். கோடு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, திரும்பப் போகும்போது இந்தப் பிள்ளையை நான்தான் தூக்கிக்கொண்டு போவேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லியும் மீக்காவின் சட்டைப் பொத்தானைக் கழற்றி மறுபடி மாட்டினாள். கதவின் கண்ணாடியில் ஏதோ அசைந்தது. இஸ்திரி போட்ட அதே கோட்டு. ரெனெட் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாள்.

வெர்டெல் எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

"எப்ப வந்த?"

"கொஞ்ச நேரமாச்சு. பெட்டிவேதான் நாள் சொன்னாங்க. நான் இங்கயே நிக்கறேன். சேதி தெரிஞ்சா போதும்."

"ரிசல்ட் இன்னும் வரல. எது வேணா வரலாம், தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்ப உள்ள வா."

ரெனெட் வாசற்படியைப் பார்த்தாள். ஒரு காலை எடுத்து வைத்தாள், அப்புறம் இன்னொன்றை. நாற்காலியில் உட்கார்ந்ததும் மீக்கா தத்தித் தத்தி வந்து, மூக்கு ஒழுக ஒழுக, அவள் மடியில் ஏறத் தொடங்கினாள். ஏறுவதற்கு வசதியாக அந்த நல்ல கோட்டைக் கைநிறையப் பிடித்து இழுத்தாள். ரெனெட் கைப்பையைத் தரையில் போட்டாள். பிள்ளையைத் தூக்கி உட்கார வைத்து, கைக்குட்டை தேடாமல், தன் வெறும் விரலால் மூக்கைத் துடைத்துவிட்டாள். ஈர விரலைப் பார்த்தாள். மறுபடியும் துடைத்தாள். வெர்டெல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

படியேறி வந்த மூச்சிரைப்போடு ஓசோரியோ உள்ளே நுழைந்தார். கையில் பட்டை. ஆள் கூடுதலாக இருப்பதைப் பார்த்துத் தயங்கினார்.

"சொல்லுங்க," என்றாள் வெர்டெல்.

"ஒரு கோடும் இல்லம்மா. சரி பாக்கறதுக்குன்னு நாங்க கூடவே ஓட்டற நோயுள்ள ரத்தத்துல கோடு நல்லாவே விழுந்திருக்கு, இவளோடது சுத்த வெள்ளை. ரெண்டு தரம் ஓட்டிப் பாத்துட்டேன். புள்ளைக்கு ஒண்ணும் இல்ல."

வெர்டெல் பட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ரெனெட் மீக்காவின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். ஓசோரியோவுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"இவங்க யாரு?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"மீக்காவோட பெரியம்மா," என்றாள் வெர்டெல். "நீங்க வர்றதுக்கு முன்னாடியே வந்துட்டா."